முன்பக்கத்தாரின் விரல்

லேபிள் அச்சகத்தில் முன்பக்கத்தார் தன் வலது கை ஆள்காட்டி விரலை டீயில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் அந்த டீ இனித்தது. ஒரு சுற்றுக்கு ஒரு கரண்டிச் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம். காபிக்கு மூன்று சுற்று வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் விரலை விடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முகம் சுளிப்பீர்கள். சுளித்தாலும் குடித்திருப்பீர்கள். அப்படியொரு டீ அது.

முன்பக்கத்தார் என்ற பெயர் அவருக்கு வேலையால் வந்தது. பிஸ்கட், கேக், சாக்லேட் பொட்டலங்களுக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் அது. லேபிளின் முன்பக்கத்தில் பெரிய எழுத்து, பின்பக்கத்தில் எறும்புக்கால் எழுத்து. இரண்டையும் ஒரே ஆள் பிழை பார்த்தால் பாதியில் தூங்கிவிடுகிறார் என்று பழைய முதலாளி வேலையைப் பிரித்துவிட்டார். முன்பக்கத்துக்கு இவர், பின்பக்கத்துக்கு ஓர் அம்மாள். அவளைப் பின்பக்கத்தம்மா என்பார்கள். இருவர் நாற்காலியும் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தன. பதினெட்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. 'சுகர் ஃப்ரீ', 'சர்க்கரை அறவே இல்லை', 'கவலையின்றிச் சாப்பிடுங்கள்' என்ற வரிகளை விரல் வைத்து ஒரு நாளைக்கு நாற்பது தரம் படிக்கிற மனுஷன் அதை நம்பிப் போவதில் என்ன அதிசயம் இருக்கிறது?

நாற்பத்தைந்தாவது வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. "சர்க்கரையை விடுங்க, மாவுப் பண்டத்தைக் குறைங்க" என்றார் டாக்டர். பழக்க தோஷம், முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் ஏறியது. அன்றைக்கே சர்க்கரையை விட்டார். விட்டார் என்றால் விட்டார்தான், அந்த விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். டீக்கு இனிப்பு மாத்திரை போட்டுக்கொண்டார். காலையில் ஒரு பாக்கெட் சுகர் ஃப்ரீ பிஸ்கட், நாலு மணிக்கு சுகர் ஃப்ரீ கேக், சாப்பாட்டுக்குப் பின் சுகர் ஃப்ரீ சாக்லேட் அரைக் கட்டி. முன்பு ஒரு பிஸ்கட்டோடு எழுந்துவிடுகிற ஆள்! ரத்தத்தில் சர்க்கரை இருநூறைத் தாண்டியது, முந்நூறைத் தொட்டது. வயிறு வேறு கடமுடவென்று உருண்டது. அதற்கு அவர் மனைவியின் சமையலைக் குறை சொன்னார்.

அந்த நாட்களில் ஒருநாள் அச்சு மெஷின்காரரின் டீயில் ஈ விழுந்தபோது இவர் விரலால் எடுத்துப் போட்டார். மிச்சத்தைக் குடித்த மெஷின்காரர், "யாருப்பா இதுல ரெண்டாம் தடவை சர்க்கரை போட்டது?" என்று கத்தினார். விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. ஒரு வாரத்தில் அச்சகமே டம்ளரோடு அவர் மேசைக்கு வந்து நின்றது. ஒரு மாதத்தில் சர்க்கரை வாங்குவதை நிறுத்தினார்கள். யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. மெஷின் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, அவர் விரல் இனிக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். அவர் கேக் சாப்பிட்ட நாளில் டீ தித்திப்பதையும், காய்ச்சலில் பட்டினி கிடந்த நாளில் சப்பென்று போவதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெட்டி பெட்டியாக வந்தது. மெஷின்காரர் பிஸ்கட் கொண்டுவந்தார், மேனேஜர் கேக்கே ஒரு அட்டைப்பெட்டி இறக்கினார். "சாப்பிடுங்க சார், சுகர் ஃப்ரீதானே! உங்க உடம்பு நல்லா இருக்கணும்னுதான் சொல்றோம்" என்றார்கள். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். அவருக்கோ அந்தப் பாசத்தில் கண் கலங்கிவிட்டது.

கண் கலங்கியது பாசத்தால் மட்டும் இல்லை. நோய் வந்த ஐந்தாம் வருஷம் எழுத்துகள் வரியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தன. கண் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தக் குழாய் கசிகிறது, மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் படிக்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

"சர்க்கரையை நான் கண்ணால கூடப் பாக்கறதில்ல டாக்டர்!" என்று இவர் சண்டைக்குப் போனார்.

"இப்படியே போனா எதையுமே பாக்க மாட்டீங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எழுத்துப்பிழை பார்ப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவர் அவர். பயத்தில் அன்று ஒரு பாக்கெட் பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் பின்பக்கத்தம்மா மகள் பிரசவத்துக்கு என்று பத்து நாள் லீவு போட்டாள். பின்பக்கத்தையும் நீங்களே பாருங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் லேபிளைத் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்து, விரலை ஓட்டி, எழுத்தெழுத்தாகப் படித்தார். கோதுமை மாவு. மக்காச்சோள மாவு. இனிப்பூட்டி: மால்டிடால். நூறு கிராமில் மாவுச்சத்து எழுபது கிராம். அளவுக்கு மீறினால் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். ஒரு பிழை கூட இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அடுத்த லேபிளை எடுத்த பிறகுதான் முந்தினதன் அர்த்தம் மண்டையில் உறைத்தது. கையில் இருந்த பிஸ்கட்டை என்ன செய்வது என்று தெரியாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மேசை டிராயரில் போட்டு மூடினார்.

அந்த அம்மாள் லீவு முடிந்து வந்ததும் இவர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, இவ்வளவு நாளா தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"எத்தனை தடவை சொன்னேன் சார். 'பின்பக்கம் உன் வேலை, அதை உன்னோட வச்சுக்கோ'ன்னு சொல்லிட்டீங்களே."

சொல்லித்தான் இருந்தார். அவருக்கே ஞாபகம் வந்தது.

"அப்ப டீயில போடற இந்த இனிப்பு மாத்திரை?"

"அது பாவம், டீக்கு ஒண்ணு ரெண்டு போட்டா ஒண்ணும் பண்ணாது. கூட வர்ற மாவுதான் சார் எல்லாம் பண்ணுது. மாவு வயித்துக்குள்ள போனா சர்க்கரைதானே? அந்த மால்டிடாலும் கொஞ்சம் ஏத்தும்."

டாக்டரும் அதையேதான் சொன்னார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு. அன்றோடு பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார், சாப்பாட்டு அளவைக் குறைத்தார், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டார், நாலு மணிக்குக் கேக்குக்குப் பதில் கட்டடத்தைச் சுற்றி நடந்தார். மூன்றாம் வாரம் விரலின் இனிப்பு மங்கியது. ஐந்தாம் வாரம் பத்துச் சுற்றுச் சுற்றியும் டீ டீயாகவே இருந்தது. அச்சகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. மெஷின்காரர் பேச்சையே நிறுத்திவிட்டார். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "உடம்புக்கு என்ன சார்? எல்லாரும் கவலைப்படறாங்க" என்றார்.

"உடம்பு சரியாயிடுச்சு சார், அதான்" என்றார் இவர்.

பிறகு கடையிலிருந்து சர்க்கரை வந்தது. டீ பழையபடி நடந்தது. விரல் இனித்ததை எப்படி ஏற்றுக்கொண்டார்களோ, அது நின்றதையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மனுஷர்கள் அப்படித்தான்.

மூன்றாம் மாதம் கண் டாக்டர் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கசிவு நின்றுவிட்டது, இடது கண் பார்வையில் ஒரு மூலை போனது போனதுதான், மற்றதெல்லாம் உங்களுடையது என்றார். மறுநாள் காலை மனைவி தன் டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். அச்சகமே வரிசையில் நின்ற ஐந்து வருஷத்தில் அவள் ஒரு நாள் கூட நீட்டியதில்லை.

"இப்ப எதுக்குடி? இனிக்காதே."

"தெரியும். அப்ப ஒவ்வொரு டம்ளரும் உங்க உடம்புலேர்ந்து எடுக்கிற மாதிரி இருந்துச்சு. எப்படிக் குடிப்பேன்?"

அவர் விரலைக் கழுவிவிட்டு வந்து இரண்டு சுற்றுச் சுற்றினார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"சப்புன்னு இருக்கு" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் கலக்குங்க."