குரங்குக்குக் குறித்த நாள்

இந்தக் காலத்துச் சனத்துக்கு வேறு வேலை இல்லை. காட்டில் தன்பாட்டில் கிடக்கிற குரங்கைப் பார்க்க நாள் குறிக்கிறார்கள், பெற்ற தகப்பனை எட்டிப் பார்க்க மாத்திரம் நேரம் கிடையாது. அல்பேர்ட் இதை மனதுக்குள் வைத்திருக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மருமகன் லக்ஸனுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

லக்ஸன் தலை நிமிரவில்லை. அவன் முன்னால் ஒரு கடதாசி. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பெட்டி. சிலது பச்சை, சிலது மஞ்சள், ஏப்ரல் மாத்திரம் நல்ல சிவப்பு.

"மாமா, ஜூனிலை இருந்து செப்டெம்பர் மட்டும் உகண்டாவிலை மழை குறைவு. மிருகங்கள் தண்ணி தேடி ஒரு இடத்துக்கு வரும். கொரில்லா பாக்க மலை ஏறவேணும். ஏப்ரலிலை போனால் முழங்கால் மட்டும் சேறு."

"மழை பெய்தால் குரங்கு எங்கை போகும்? மயோர்க்காத் தீவுக்கு லீவிலையோ?"

மகள் லாரா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். "அப்பா, சும்மா இருங்கோ. கொரில்லாவுக்குத் தெர்மின் கிடைக்கிறதே பெரிய பாடு. ஒரு கூட்டத்தைப் பாக்க ஒரு நாளைக்கு எட்டுப் பேரைத்தான் விடுவினம்."

"அதுக்கும் தெர்மினோ?" ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் தெர்மின் எனும் நேரக்குறிப்பு வாங்கி, கந்தோர் கந்தோராக நம்பர் துண்டோடு குந்தியிருந்தவர் அவர். "குரங்கும் கண்ணாடிக்குப் பின்னாலை இருந்து, அடுத்த ஆள் வா எண்டு கூப்பிடுமோ?"

லக்ஸனுக்குச் சிரிப்பு வந்தது. லாராவுக்கு வரவில்லை. "ஓகஸ்ட் எட்டுக்குப் போறம். இருபத்திரண்டுக்கு வாறம்," என்றாள்.

அல்பேர்ட் கோப்பையை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். ஓகஸ்ட் பன்னிரண்டு மனைவி பேர்பெச்சுவா செத்த முதலாம் ஆண்டு. அந்தப் பூசையை அவர் மார்கழியிலேயே எழுதிவைத்துவிட்டார். தேவாலயச் சுவாமியாரின் புதுப் பூசைக் கொப்பியில் ஓகஸ்ட் மாதத்தில் விழுந்த முதற்பெயர் அவர் மனைவியின் பெயர்தான். பைபிள் வாசகம் மகள் வாசிக்க வேண்டும், பிறகு வந்த சனத்துக்குச் சாப்பாடு.

"பன்னிரண்டு?" என்றார்.

"சுவாமியோடை கதைச்சிட்டன். நவம்பர் இரண்டுக்கு மாத்தியாச்சு. ஆத்துமாக்களின்ரை நாள்தானே, பொருத்தமாயிருக்கும்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்?"

"சொன்னால் விட்டிருப்பியளோ?"

"அண்டைக்கு ஊரிலை செத்த எல்லாருக்கும் பூசை. கொம்மா அந்தக் கூட்டத்திலை ஒராளோ? குரங்குக்குத் தேதி மாத்த ஏலாதாம், கொம்மாவுக்கு மாத்தலாமாம். ஏப்ரலிலை வாற ஒஸ்டர் லீவிலை போங்கோ. நனைஞ்சால் காயும்."

"மழைக்குள்ளை போய்க் கொரில்லாவைக் காணாமல் திரும்பினால், மாமா?" என்றான் லக்ஸன்.

"காணாட்டில் என்ன? அது உம்மைத் தேடி அழப்போகுதோ?"

லாரா கதிரையில் இருந்துவிட்டாள். "அப்பா, போன ஓகஸ்டிலை அம்மா கண்மூடுமட்டும் நான் அவவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்தனான். இந்த ஓகஸ்ட் எனக்கு இங்கை இருக்க ஏலாது. பச்சையோ சிவப்போ, எனக்கு அதுதான் காரணம்."

அல்பேர்ட் அவளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு மாத்திரம் ஏலுமோ? நான் இருக்கிறன்தானே."

எழும்பி ஜக்கெற்றை மாட்டினார். தொப்பியைத் தேடி எடுத்தார்.

"எங்கை போறியள்?"

"சுவாமியிட்டை. பன்னிரண்டிலை வேறை ஆரும் எழுத முதல்."

"தனியவோ செய்யப் போறியள்?"

"தனியத்தான். வாசகத்தைக் கொம்மாவின்ரை சிநேகிதி இராஜேஸ்வரி வாசிக்கட்டும். அவள் சைவம், வேதக்காரியில்லை, ஆனால் வரச் சொன்னால் வருவாள்."

"காரிலை கொண்டுபோய் விடுறன், மாமா," என்று லக்ஸன் திறப்பை எடுத்தான்.

"உமக்குக் குரங்கு அலுவல் கிடக்கு. அதைப் பாரும்."

கதவை அடித்துச் சாத்தவில்லை, சாத்தினார். வெளியே மாசி மாதத்துத் தூறல். கொலோனில் இது வழமை, ஒருவரும் இதற்குப் பெட்டி கீறி நிறம் அடிப்பதில்லை. தொப்பியை இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

ஓகஸ்ட் நல்ல மாதமாம்.