ஒரேயடியாக நிறுத்தியவன்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் தம்பியை எல்லோரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்தாவது மாடி உயரத்தில், இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேலி பேசுகிற ஆள். குடி பன்னிரண்டு வருடப் பழக்கம். கடைசி இரண்டு வருடமாகக் காலையில் பல் தேய்க்கும் முன்பே உள்ளே இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை ஒருநாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தவன், கூடவே குடியிருந்த அக்காவின் கண் முன்னால் மிச்சமிருந்த பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தான்.

"இதோட சரி அக்கா. இனிமே தொட்டா என்னன்னு கேளு."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், ஒரு வாரம் லீவு சொன்னாள். கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. மறுநாள் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"உள்ள இருக்கிற விஷம் வெளிய போகுதுடா. பல்லைக் கடிச்சிக்கோ."

"விஷம் போறது சரி. அதுகூட நானும் கிளம்பிடுவேன் போலிருக்கே."

இருவருமே சிரித்தார்கள். சாயங்காலம் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஒரு டாக்டரைப் பாத்துட்டு வரலாமாக்கா? என்னவோ பண்ணுது."

வெளியே போகச் சாக்கு தேடுகிறான் என்று நினைத்தாள். முன்பு எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறான்!

"இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். படு."

படுத்தான். மூன்றாம் நாள் காலையில் சுவரிலிருந்து எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சுவரில் ஓர் எறும்பும் இல்லை. அவளைப் பார்த்து "அம்மா" என்றான். அம்மா இறந்து ஐந்து வருடம். அவள் கிட்டே போவதற்குள் உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்து, தரையில் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப வருஷம் குடிச்ச உடம்பு அதுக்கே பழகிடும்மா. திடீர்னு நிறுத்தினா தாங்காது. வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. நிறுத்தத்தான் வேணும். ஆனா ஆஸ்பத்திரியில வச்சு, மருந்து குடுத்து நிறுத்தணும்."

"அவன் டாக்டர்கிட்ட போகணும்னு கேட்டான்மா. நான்தான் பூட்டி வச்சேன்."

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, கண் விழிக்காமலேயே தம்பி போய்ச் சேர்ந்தான்.

மூன்று வாரம் அக்கா சலவைக்கடைப் பக்கமே போகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் தம்பியோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியனின் மனைவியும் ஒருத்தி. அழுது முடித்துக் கிளம்பும்போது தணிந்த குரலில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் ஆடிப்போயிட்டார்க்கா. இவரும் காலையில எழுந்ததும் குடிக்கிறவர்தானே. நேத்திலிருந்து சொட்டுகூடத் தொடல. போர்வையைப் போத்திட்டு நடுங்கிக்கிட்டே கிடக்கார், பாவம்."

அக்கா எழுந்துவிட்டாள்.

"எழுப்பு அவரை. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இப்பவேவா? நல்லாத்தானேக்கா விட்டிருக்கார்…"

"நானும் அப்படித்தான்மா நெனச்சேன்."

செருப்பைக்கூட மாட்டாமல், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.