அவிழ்த்துவிட ஒரு கடற்கரை

கீர்த்தி பால்சோற்றுக் கிண்ணத்தை மூன்றாவது முறையாக முன்னால் தள்ளினாள். செவலை நாய் மூன்றாவது முறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அதைக் கட்டிப்போட்டு இரண்டு நாள் ஆகிறது. வியாழக்கிழமை மதியம் தி.நகர் துணிக்கடையில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்த அப்பா ராஜரத்தினம், ரவிக்கைக்கு லைனிங் துணி கேட்ட ஒரு அம்மாவுக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டார். வெள்ளிக்கிழமை பெசன்ட் நகரில் எரித்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் மேல் பாய்ந்துவிடுமோ என்று யாரோ நாயை மேலே கொண்டுபோய்க் கட்டினார்கள். அதற்குப் பிறகு அதை நினைக்க யாருக்கு நேரம் இருந்தது? இன்று சனி. விடியும் முன்பே ஆண்களெல்லாம் சாம்பல் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் வாய வைக்கலையா?” என்று கேட்டபடி பெரியப்பா படியேறி வந்தார். அப்பாவின் அண்ணன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து, சொந்தபந்தம் இருபது பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“இல்ல பெரியப்பா.”

“பத்து மணிக்கு வேன் ஊருக்குக் கெளம்புது. இதையும் ஏத்தி அனுப்பிருதேன். அங்க காடு கெடக்கு, ஓடட்டும்.”

“இது அப்பாவோட நாய், பெரியப்பா.”

“அதான் சொல்லுதேன். அவன் இருந்தான், வச்சிருந்தான். ஒனக்கு இத அவுத்துவிடத் தெரியுமாட்டி? அவுத்துவிட்டா திரும்பக் கூப்பிடத் தெரியுமா? இது ஓடுத சாதி. கெட்டியே போட்டா செத்துப்போகும். நான் நாயிக்காவத்தான் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் கீர்த்திக்குச் சுருக்கென்றிருந்தது. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் கையால் அந்தக் கழுத்துவாரை அவிழ்த்ததில்லை.

ஊர்க் கோயில் கொடைக்குப் போன அப்பா, திரும்பும்போது மடியில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முயல் விரட்டப் பிறந்த நாயை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் என்ன செய்வது என்று அவர் யோசித்த மாதிரியே தெரியவில்லை. ஆறு மாதத்தில் அது மேஜை உயரத்துக்கு வளர்ந்து, ஹாலுக்கும் அடுப்படிக்கும் ஓடி, டைல்ஸில் கால் வழுக்கிச் சுவரில் முட்டி நின்றது. அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. “ஓடப் பொறந்ததைக் கொண்டாந்து சிறை வச்சிட்டனேம்மா” என்று கீர்த்தியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பிறகு தொடங்கியது தேடல். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் நாயை நிறுத்திக்கொண்டு விடியற்காலையில் புறப்படுவார். கழுத்துவாரை அவிழ்த்துவிட ஒரு கடற்கரை வேண்டும், அவ்வளவுதான். எலியட்ஸ் கடற்கரையில் நடைபயிற்சிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். மெரினாவில் சவாரிக் குதிரைகள் மிரண்டன. திருவான்மியூரில் ஒரு பெரியவர் அரைமணி நேரம் நின்று வெறிநாய்க்கடி பற்றி வகுப்பெடுத்தார். நீலாங்கரையில் மணலுக்குப் போகிற வழியையே காணோம், எங்கு பார்த்தாலும் கேட்டும் காம்பவுண்டும். ஒவ்வொரு நாளும் இட்லி சாப்பிட்டுக்கொண்டே தோல்வியைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். “பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடக்கூட இந்த மனுஷன் இவ்வளவு அலையல” என்பாள் அம்மா புஷ்பம்.

ஒருநாள் மடித்துவிட்ட வேட்டி நிறைய மணலோடு வந்தார். “கெடைச்சிருச்சு” என்றார். எங்கே என்று கேட்க கீர்த்திக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து தினமும் ஐந்தரை மணிக்கு அவள் அறைக்கதவை விரல் மடக்கித் தட்டுவார். “வாரியாம்மா?” “நாளைக்கு வரேம்ப்பா.” நந்தனத்தில் ஆபீஸ், பத்து மணிக்குப் போனால் போதும், தூக்கம் பெரிது. வியாழக்கிழமையும் தட்டினார்.

கீர்த்தி அப்பாவின் போனை எடுத்தாள். சாவுச் செய்தி சொல்ல அதிலிருந்த பெயர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டது அவள்தான். அப்பா எல்லோரையும் சரக்கோடு சேர்த்துத்தான் பதிந்து வைத்திருப்பார். ‘வலியுல்லா பட்டன்’, ‘ரூபீனா ஃபால்ஸ்’, ‘அங்கமுத்து ஜரிகை’. அவர்கள் எல்லாரும் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள். நடுவில் ‘தேவானை பீச்சு’ என்று ஒரு பெயர் வந்தது. பீச்சில் அப்பாவுக்கு என்ன வியாபாரம், சுண்டல்காரியாக இருக்கும் என்று தாண்டிப்போனது இப்போது நினைவு வந்தது. விரல் அந்தப் பெயரைத் தொட்டது.

ஒரே மணியில் எடுத்தார்கள்.

“இன்னா சார், நேத்தும் வர்ல, இன்னிக்கும் காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

செய்தியைப் போனில் சொல்லக் கீர்த்திக்கு மனம் வரவில்லை. “நான் அவர் பொண்ணு பேசறேன். நாயைக் கூட்டிட்டு வரணும். எங்க வரணும்?” என்றாள்.

“பட்டினப்பாக்கம் வந்து சீனிவாசபுரம் தாண்டி நேரா வா. ஒடஞ்ச பாலம் கண்ணுக்குத் தெரியும். அதுக்கு இந்தாண்டயே நாங்க கீறோம். ஏழு மணிக்குள்ள வந்துடு, அப்பால கடலுக்குப் போன போட்டுங்க வந்துடும்.”

கழுத்துவாரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் ஹால் முழுக்கப் பெண்கள். சாவு வீட்டுப் பெண் இந்த நேரத்தில் நாயோடு எங்கே போகிறாள் என்று ஒரு அத்தை வாயைத் திறந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். இரண்டு நாளாக எழாதவள். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

“முன்னாடி அதுதான் நிக்கும். நீ காலை வெளிப்பக்கமா வச்சுக்க. அவர் அப்படித்தான் வச்சுப்பார்.”

அத்தை வாயை மூடிக்கொண்டாள். அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது கீர்த்திக்கு. அதற்குள் நாய் அவளைப் படியில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சனிக்கிழமைக் காலைச் சாலையில் வண்டிகள் குறைவு. செவலை வண்டியில் ஏறி நின்ற விதத்திலேயே அது யார் வண்டி என்பது தெரிந்தது. சாந்தோமைத் தொட்டுத் திரும்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு முனக ஆரம்பித்தது. குடியிருப்புகள் முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் கீர்த்தி வண்டியை நிறுத்தினாள். நிறுத்தியவள் அப்படியே நின்றாள்.

கரை நெடுக அப்பாவின் கடை விரிந்து கிடந்தது. ராமர் பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வெங்காயத் தோல். கடை அலமாரியில் அவள் சிறுவயதிலிருந்து பார்த்த லைனிங் துணிகள், ஒட்டுப்போட்டு, பாய் பாயாக மணலில் விரித்துக் கிடந்தன. ஓரங்களில் கல் வைத்திருந்தது. அடியிலிருந்து கருவாட்டு வாடை வந்தது.

துணியை விலக்கி நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். செவலை அவளைப் பார்த்து உடம்பே ஆடுகிற மாதிரி வாலை ஆட்டியது.

“நீதான் போன் பண்ணியா? வா, வா. சாரு எங்க? வண்டி உட்டுட்டு வராரா?”

“அக்கா, இந்தத் துணியெல்லாம்…”

“சாரு குட்த்ததுதான். மொத நாளு வந்து இத்த அவுத்து வுட்டாரு பாரு, நேரா கருவாட்டு மேல பூந்து நாஸ்தி பண்ணிடிச்சி. நாங்க சும்மா இருப்பமா? கிழிகிழின்னு கிழிச்சிட்டோம். மனுசன் ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. மறுநாளு பாத்தா ஒரு மூட்ட துணியோட வந்து நிக்கிறாரு. வெட்டினதுல மிச்சம் வுழுந்த துண்டாம், எல்லாத்தையும் ஒண்ணா தச்சிக் கொணாந்தாரு. மெல்லிசு துணி, வெயிலு உள்ள போவும், காக்கா கொத்தாது, நாய் வாய் வைக்காது. எங்களுக்கு இது தோணல பாரேன். அப்பதான் சொன்னேன், போட்டு வர்ற வரிக்கும் இந்தக் கரை உன்து சார், அவுத்து வுட்டுக்கோன்னு.” அவள் சிரித்துக்கொண்டே சாலைப் பக்கம் பார்த்தாள். “எங்க இன்னும் காணோம்?”

இனி தள்ளிப்போட முடியாது.

“அப்பா தவறிட்டாருக்கா. வியாழக்கிழமை. இங்கேருந்து வந்து, கடைக்குப் போயி, மத்தியானம்.”

தேவானை கையிலிருந்த நெத்திலியைத் துணிமேல் வைத்தாள். மணலில் உட்கார்ந்தாள்.

“எப்ப எடுத்தீங்க?”

“நேத்து சாயந்திரம்.”

“நேத்து நாங்க கடலுக்குப் போனோமே” என்றாள் தேவானை. “குப்பத்துல ஒரு சாவுன்னா அன்னிக்கு ஒரு போட்டு எடுக்க மாட்டோம். ஒர்த்தன் எடுக்க மாட்டான். தெரியாம போய்ட்டு வந்துட்டோமே. எங்களுக்குச் சொல்லணும்னு உங்க வூட்ல யாருக்கும் தோணலியா?”

“போன்ல உங்க பேரைப் பார்த்தேங்க்கா. யாருன்னு தெரியாம நான்தான் தாண்டிட்டேன்.”

மறைக்க நினைத்தாள், முடியவில்லை. கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் துக்கம் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த மணலில் நிற்கும்போது உறைத்தது. சரக்கு வாங்கிப் பழகிய யாரும் அப்பாவுக்காக ஒருநாள் கடை மூடவில்லை.

தேவானை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அதான் இப்ப நேர்ல வந்து சொல்லிட்டியே. போதும் உடு. வாயில்லா சீவன், அத்த அவுத்து வுடு மொதல்ல.”

கொக்கியைக் கழற்ற கீர்த்தியின் விரலுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செவலை ஓடவில்லை, பறந்தது. இரண்டு நாள் கட்டுக்கிடந்ததையெல்லாம் சேர்த்து ஓடியது. நான்கு காலும் ஒரே நேரத்தில் மணலைவிட்டு எழும்புவதைக் கீர்த்தி முதல்முறையாகப் பார்த்தாள். அப்பா தினமும் பார்த்தது இதைத்தான். இப்படி ஒரு காலைநேரம், இப்படி ஒரு கரை, திட்டிவிட்டு இடம்கொடுக்கிற இப்படி நாலு மனுஷர்கள் அவருக்குக் கடைசி நாள்வரை கிடைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நாய் ஆற்று முகத்துவாரம்வரை போய் ஒரு புள்ளியாகிவிட்டது. அங்கே நின்று இங்குமங்கும் தலையைத் திருப்பியது. எதைத் தேடுகிறது என்று கேட்கவா வேண்டும்?

“செவலை! செவலை, வா!”

அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றுப்பக்கம் இறங்கத் தொடங்கியது. போன் அடித்தது. பெரியப்பா.

“ஏட்டி, சாம்பல் எடுத்தாச்சு, கரைக்கப் போறோம். ஒங்கம்மை என்னமோ சொல்லுதா. நாயோட எங்க போன? அவுத்துவிட்டுட்டியா?”

“அவுத்துட்டேன் பெரியப்பா.”

“திரும்பி வந்துட்டா?”

தூரத்தில் இரண்டு படகுகள் கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டன. வலை இறங்கும்போது நாய் அவிழ்ந்து திரியக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம். அவள் மறுபடி பெயர் சொல்லிக் கத்தினாள். காற்று அதை வாங்கிக்கொண்டு வேறெங்கோ போனது.

“பேரச் சொன்னாலாம் வராது அது” என்றாள் தேவானை. “சாரு கடையில நின்னுக்கினு கூப்புடுவாரில்ல, இங்கயும் அப்பிடித்தான் கூப்புடுவாரு. அத்த மாதிரி கூப்புடு.”

“எப்படி?”

“உனுக்குத் தெரியாதா இன்னா?”

தெரியும். தெருவுக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தோழிகளோடு அந்தத் தெரு வழியாக வந்தபோது, அப்பா கடை வாசலில் நின்று இரண்டு கையையும் தட்டிக் கூவிக்கொண்டிருந்தார். கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் கடந்து போனாள். அவர் பார்த்துவிட்டார். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவில் வரும்போதெல்லாம், கடந்து போகும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாய் மூடி நிற்பார்.

கீர்த்தி போனை அணைக்காமலே இடுப்பில் சொருகிக்கொண்டாள். கையைத் தட்டினாள்.

“வாங்கம்மா… வாங்க…”

“சாரு இப்பிடியா முனகுவாரு? சத்தமா.”

அவள் இரண்டு கையையும் உயர்த்தி, பலம்கொண்டமட்டும் தட்டினாள்.

“வாங்கம்மா வாங்க, உள்ள வாங்க! எல்லாக் கலரும் இருக்கு, மேட்சிங் பார்த்துட்டுப் போங்க! சும்மா பாருங்கம்மா, வாங்க வேணாம், பார்த்துட்டுப் போங்க!”

முகத்துவாரத்தில் புள்ளி அசையாமல் நின்றது. காதுகளைத் தூக்கியிருக்க வேண்டும், இங்கிருந்து தெரியவில்லை. கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். கீர்த்தி நிறுத்தவில்லை. குரல் உடைந்து, இரண்டாகப் பிளந்து, யாருடையது என்று அவளுக்கே தெரியாத ஒரு குரலாக வந்துகொண்டிருந்தது.

புள்ளி பெரிதானது.

இடுப்பிலிருந்து பெரியப்பாவின் குரல் சன்னமாகக் கேட்டது. எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அலைச் சத்தம்.

“வந்துட்டாட்டி?”

“வந்துக்கிட்டு இருக்கு பெரியப்பா.”

“சரி” என்றார். “அங்கன ஒங்கிட்டயே இருக்கட்டும். வேன்ல ஏத்த வேண்டாம்.”

செவலை கரையோரத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, துணிகளை ஒன்றுகூட மிதிக்காமல் வளைந்து, அவள் முன்னால் நின்றது. நாக்கு தொங்கியது. அவளைப் பார்த்தது, அவளுக்குப் பின்னால் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. உடம்பை ஒரு உதறு உதற, தண்ணீர் முழுக்கக் கீர்த்தியின் முகத்தில் அடித்தது.

“நாளைக்கு நீ வருவல்ல?” என்று கேட்டாள் தேவானை.

“வரேங்க்கா.”

படகின் சத்தம் நெருங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே கீர்த்தி கழுத்துவாரை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். செவலை கழுத்தை நீட்டிக் கொடுத்தது.