தைல வண்டி

மல்லூரில் வண்டி மேற்கே திரும்பியபோது சாயங்கால வெயில் முன்பக்கமாக உள்ளே விழுந்தது. புருஷன் தண்டாயுதபாணியின் முகத்தில் படாமல் இருக்கக் கமலவேணி முந்தானையைக் குறுக்கே பிடித்தாள். கை வலித்தது. மாற்றிப் பிடித்தபோது முந்தானை விலகி வெயில் நேராக அவர் கண்ணில் அடித்தது. பாதி திறந்திருந்த கண்கள் கூசவில்லை.

மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு இமைகளை மூடிவிட்டாள்.

"ஓசி வண்டின்னு மாமா கால நல்லா நீட்டிட்டாரா?" என்றான் வண்டியோட்டும் செங்கோட்டையன், மாடுகளைப் பார்த்தபடியே. பெரியாஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னதிலிருந்து அவன் இப்படி ஏதாவது பேசிக்கொண்டே வந்தான். சீலநாயக்கன்பட்டி வரை அவரும் உம் கொட்டினார்.

"தூங்கறாரு" என்றாள் கமலவேணி.

சொன்ன பிறகுதான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது.

அவர்கள் ஊரான வெண்ணந்தூரில் இந்த வண்டிக்குத் தைல வண்டி என்று பேர். தறி வேலையை விட்டபின் அவர் வலித்தைலம் காய்ச்சினார். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் அது நன்றாகப் போயிற்று. அந்த வரும்படியில் கூண்டு வண்டியும் மாடுகளும் வாங்கி, சுற்றுப்பட்ட ஊர்களில் நோயாகக் கிடப்பவர்களைச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விட்டார். யாரிடமும் கூலி வாங்குவதில்லை. ஊர்க்காட்டு நொச்சியில் காய்ச்சியது, ஊருக்கே போகட்டும் என்பார்.

முதலில் யாரும் ஏறவில்லை. இதில் போனால் பிணமாகத்தான் திரும்புவோம் என்று பயந்தார்கள். அதனால் அவர் ஒரு கட்டுப்பாடு வைத்தார். இந்த வண்டியில் பிணம் ஏறாது. ஆஸ்பத்திரியில் செத்தவர்களை வேறு வண்டி பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும்.

போன தையில் காத்தானின் பெண்சாதி அங்கே செத்துப்போனாள். காத்தான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். இவர் இறங்கி அவன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஊருக்கு வந்து சொன்னபோது, கல்மனசு என்று கமலவேணி சொன்னாள். பல நாள் அவரோடு பேசவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் வண்டியில் ஏற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அவர் தோள்துண்டை எடுத்துத் தலையைச் சுற்றி முகவாயின் கீழ் முடிந்தாள். ஊதக்காற்றுக்குக் கட்டியதுபோல் இருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள்.

எதிரே பருத்திப் பொதி ஏற்றி வந்தவர்கள் வண்டியை அடையாளம் கண்டு நிறுத்தினார்கள். அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அவள் அவர் வாயருகே குனிந்து காது கொடுத்தாள். தேவலையாம் என்று நிமிர்ந்து சொன்னாள். அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் செம்பிலிருந்து தண்ணீர் தொட்டு அவர் உதட்டை நனைத்தாள். தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

செங்கோட்டையன் திரும்பி அந்த ஈரத்தைப் பார்த்தான். அதன்பின் மாடுகளை அதட்டவில்லை.

வெண்ணந்தூரில் விளக்கேற்றும் நேரமாகியிருந்தது. வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். செய்தி முந்திக்கொண்டதோ என்று கமலவேணி போர்வையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் அவர்கள் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள். தெருக்கோடி சாலம்மாளின் மகளுக்கு மத்தியானத்திலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கைவிட்டிருந்தாள். தோட்டத்திலிருந்து வேறு மாடுகளைப் பிடித்து வந்து வைத்திருந்தார்கள்.

சாலம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "மாமனுக்கு எப்படீங்கக்கா?"

"காத்துப் படக்கூடாதாம். கிட்ட வராதீங்க சாமி."

செங்கோட்டையன் பின்பக்கம் வந்தான். முகவாயில் முடிந்திருந்த துண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கைகளை அடியில் கொடுத்து அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டான். தலை தொங்காமல் அவள் ஒரு கையால் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"தலையக் குனிஞ்சுக்குங்க" என்றாள், தெருவுக்குக் கேட்கும்படி. "வாசக்கால் நெலவு இடிக்கும்."

கட்டிலில் விட்டதும் அவன் வெளியே போனான். வண்டியிலிருந்த வைக்கோல் முழுவதையும் வாரி வேலியோரம் கொட்டினான். அதுவே போதுமே என்று சாலம்மாள் பதறினாள். மாமா வாந்தி எடுத்துவிட்டார் என்று சொல்லிப் புது வைக்கோல் பரப்பினான். மாடுகளை மாற்றிப் பூட்டினார்கள்.

பெண்ணைத் தூக்கி வந்தபோது கமலவேணி வாசலில் நின்றாள். அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வியர்த்த கை.

"இதுல போனா ஒண்ணும் ஆவாதுங்களா பெரீம்மா?"

செங்கோட்டையன் நுகத்தடிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். கை நின்றது.

"இந்த வண்டியில ஆருக்கும் ஒண்ணும் ஆனதில்ல, சாமி" என்றாள் கமலவேணி. "போயிட்டு வா."

வண்டி கிளம்பியது. கமலவேணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். விளக்கைத் தலைமாட்டில் வைத்தாள். சேலைக் கரையைக் கிழித்துக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். கைகளை நெஞ்சின்மேல் எடுத்து வைத்தாள். ஒன்று நழுவியது. மறுபடி வைத்தாள்.

பக்கத்து வீட்டில் யாரோ இன்னும் தறி நெய்துகொண்டிருந்தார்கள். இப்போது அழுதால் தெரு கூடும். தெரு கூடினால் வண்டிக்குப் பின்னால் ஆள் ஓடும். ஊரெல்லைக் கரட்டுக் குன்றைத் தாண்டுமுன் வண்டி நின்றுவிடும்.

கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்தாள்.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "வண்டி கரட்டத் தாண்டியிருக்குமுங்களா?"