அட்டையில் ஐயாயிரம் வாட்ஸ்

செலினாவின் கார் டிக்கியில் அடி ஓசைக்கான பன்னிரண்டு அங்குல உஃபர் ஸ்பீக்கர்கள் இரண்டு ஒரு மாதமாக ஊமையாக உட்கார்ந்திருந்தன. ஆன்லைனில் தேடித் தேடி அவளே வாங்கியவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். பழைய கார்தான் என்றாலும் சொந்தச் சம்பளத்தில் எடுத்தது. கல்லூரியில் படித்தபோது சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவள். அடி ஓசை இல்லாமல் பாட்டுக் கேட்பது அவளுக்கு உப்பில்லாத குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது மாதிரி.

உஃபர்களை முழங்க வைக்க ஓர் ஆம்ப்ளிஃபையர் மட்டும்தான் பாக்கி. அவள் கணவன் எபனேசர் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். காருக்கு ஏ.சி. இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்பது அவன் கட்சி. இருந்தும் அவள் கடைக்குக் கிளம்பிய சனிக்கிழமை, பொம்பளை தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று சொல்லிக் கூடவே ஏறிக்கொண்டான்.

முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருளப்பசாமியின் கடை. கேட்டது செலினா. இருளப்பசாமி பதில் சொன்னது எபனேசரிடம். நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியை எடுத்து வைத்து, அட்டையில் ஐயாயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்ததை விரலால் தட்டிக் காட்டினார். விட்டு விட்டு வருகிற உச்சத்தை விடுங்கள், நிற்காமல் தொடர்ந்து எத்தனை வாட்ஸ் தரும், அந்த ஆர்.எம்.எஸ். கணக்கு எங்கே என்று அவள் கேட்டாள். அதெல்லாம் உள்ளேயே இருக்கும் என்றார் அவர்.

செலினா பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் இருபத்தைந்து ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு செருகியிருந்தது.

"இந்த ஃபியூஸ் வழியா எழுநூறு வாட்ஸுக்கு மேல உள்ளயே போகாதுண்ணாச்சி. அதுலயும் பாதி சூடாப் போயிரும். பொறவு அய்யாயிரம் எங்கருந்து வரும்?"

இருளப்பசாமி அவளைப் பார்க்கவே இல்லை. "மேடம் ஃபோன்ல நெறைய வீடியோ பாக்காங்க போல சார்" என்றார். எபனேசர் சிரித்தான்.

கடைக்காரரை அவள் அப்போதே மறந்துவிட்டாள். ஐயாயிரம் என்று அச்சடித்த அட்டையை நம்பி வியாபாரம் செய்கிறவர் பேச்சை யார் மதிப்பது. எபனேசரின் சிரிப்புதான் ராஜபாளையம் போகும் வரைக்கும் காருக்குள்ளேயே இருந்தது. பாட்டுப் போடவா என்று அவன் கேட்டதற்கு அவள் கியரை மாற்றினாள்.

ராஜபாளையத்தில் வீரணனின் கடை பெரியது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., சோஃபா. சோஃபாவில் எபனேசரை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். நின்றுகொண்டிருந்த செலினா அவர் கண்ணில் படவில்லை. அவர் சிபாரிசு செய்தது இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையர். இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாகக் கட்டி உஃபர்களுக்குக் கொடுத்தால் ஊரே அதிரும் என்றார். செலினா அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். அப்படிச் சேர்த்துக் கட்டினால் ஸ்பீக்கரின் மின்தடை நாலு ஓம்ஸுக்குக் குறையக்கூடாது என்று போட்டிருந்தது. அவளுடைய உஃபர்கள் ஒவ்வொன்றும் நாலு ஓம்ஸ். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டு ஓம்ஸாகிவிடும். இது தாங்காது, சூடேறி நின்றுவிடும் என்று சொன்னாள்.

வீரணன் பொறுமையானவர் மாதிரி தலையை ஆட்டினார். "பத்து வருசமா மாட்டுறோம் சார். எவனும் ஓம்ஸ் கேட்டு வந்ததில்ல."

அந்த நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வார்டில் ஒரு நோயாளியின் மருந்தைப் பற்றிச் சந்தேகம். அவள் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் எபனேசர் கார்டைத் தேய்த்துவிட்டிருந்தான். மெக்கானிக் டிக்கியில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். உங்க வீட்ல முடிவு யாரு சார் எடுப்பா என்று வீரணன் கேட்டாராம். அதற்கு மேல் ஓர் ஆண்பிள்ளை எப்படிச் சும்மா இருப்பான்.

செலினா கத்தவில்லை. சாவியை அவன் மடியில் போட்டாள்.

"நீங்களே ஓட்டுங்க. சத்தமா வையுங்க."

எபனேசர் சத்தமாகத்தான் வைத்தான். மில்களைத் தாண்டும் வரை கண்ணாடிகள் நடுங்கின. ரோட்டோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, கேட்டியா, கேட்டியா என்றான். கேட்டது. அதிர்வே தவிர அதில் சுருதி என்று ஒன்றும் இல்லை. நெல் மூட்டையை மாடியிலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி ஓர் ஓசை. ஆடம்பரம் என்றவனுக்கு இப்போது முகமெல்லாம் பல்.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அணைத்துப் போட்டான். சற்று முழங்கி, மறுபடி நின்றது. வண்டியை ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தான். ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். செலினா முன் சீட்டை விட்டு இறங்கவில்லை. எதிரே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள்.

கடைக்குத் திரும்பினார்கள். வீரணன் முகத்தில் சோஃபா காலத்து மரியாதை இல்லை. சார் அளவுக்கு மீறி வைத்துவிட்டார், விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். எபனேசர் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு செலினா. ஒனக்குத்தான் தெரியும்."

"வாங்கும்போது நீங்க. சண்டைக்கு மட்டும் நானா?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். அவமானப்பட்ட அந்த முகத்தைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. ஆனால் கார் அவளுடையது. உஃபர்களும் அவளுடையவை. அடியில் இருந்த சீட்டை வீரணன் முன்னால் பிடித்து, இதை வாசியுங்கள் என்றாள். அவர் வாசிக்கவில்லை. அதனால் அவளே வாசித்தாள், கடையிலிருந்த மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கிற மாதிரி. நாலுக்குக் குறையக்கூடாது என்று கம்பெனிக்காரனே எழுதியதை இரண்டில் கட்டியது யார், காரின் சொந்தக்காரி எச்சரித்த பிறகும் கட்டியது யார் என்று கேட்டாள். சீட் கவர் வாங்க வந்த ஒருவர் பேரத்தை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபையர்களின் அடிப்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் வீரணனுக்குப் பேச்சு குறைந்தது.

கீழ் ஷெல்ஃபில், விளக்கும் பளபளப்பும் இல்லாமல், கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உஃபருக்கென்றே செய்த ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபையர். இரண்டு ஓம்ஸில் அறுநூறு வாட்ஸ், ஆர்.எம்.எஸ். அவளுக்கு வேண்டியது அப்படியே. சின்ன நம்பர் என்று யாரும் வாங்காததால் தூசி படிந்து கிடந்தது. மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்ட வீரணன், பத்தாது சார் என்று எபனேசரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பழக்கம் விடாது போல. தடித்த வயரைப் பாட்டரியிலிருந்து இழுக்கச் சொல்லி, கடைசி ஸ்க்ரூ முடுக்கும் வரை செலினா பக்கத்திலேயே நின்றாள்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். சத்தத்தைப் பாதிகூடத் திருப்பவில்லை. தாழ்ந்த சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து முதுகில் அமர்ந்து எழுந்தன. நல்லாருக்கு, என்றான் எபனேசர். பாட்டை விட்டுவிட்டு அவனைக் கேட்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் ஆண்கள் காரைச் சுற்றி நின்றார்கள். தேவஇரக்கம் தன் மகன் காருக்கு ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொண்டிருந்தார். எபனேசர் ஒரு கையை டிக்கியில் ஊன்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"அட்டையில உள்ள நம்பரை நம்பாதிய அண்ணாச்சி. நான் மொதல்ல ஆர்.எம்.எஸ். பாத்தேன். பொறவு ஓம்ஸ். ஓம்ஸ் எம்புட்டுக் கூடவோ அம்புட்டு பவரு."

ஓம்ஸ் குறைந்தால்தான் பவர் கூடும். தலைகீழாகச் சொல்லியிருந்தான். தேவஇரக்கம் அதை அக்கறையாக ஃபோனில் குறித்துக்கொண்டு, சந்தேகம் தீர்க்க ஏதாவது சொல்வாளோ என்று செலினாவை ஒருமுறை பார்த்தார். ஆனால் சரிதானா என்று கேட்டது என்னவோ எபனேசரிடம்தான்.

"சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. அவியதான வாங்குனாங்க" என்று சொல்லிவிட்டு அவள் காரை ஸ்டார்ட் செய்தாள்.