மார்லிஸ் போடாத ஓட்டு

கருக்கலைப்பைத் தடை செய்யும் அந்த மசோதாவில் முதலில் கையெழுத்துப் போட்ட உறுப்பினர்களில் மார்லிஸ் ஹெக்லண்டும் ஒருத்தி. ஜனவரிப் பனியில் அந்த அமெரிக்க மாநிலத்தின் சட்டமன்றப் படிக்கட்டில் நின்று, கையுறையைக்கூடக் கழற்றாமல் மைக்கைப் பிடித்து, "விதிவிலக்குன்னு ஒரு சந்து விட்டா அதுல லாரியே போயிடும்" என்று முழங்கினாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! மார்ச் மாதம் அவளுக்கு வந்தது.

மகள் ப்ரிட்டாவுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிள்ளை. ஸ்கேன் எடுத்த டாக்டர், குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவே இல்லை, பிறந்தாலும் சில மணி நேரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். ப்ரிட்டா அழுது தீர்த்தாள். பிறகு, இதை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், இப்போதே முடித்துவிடலாம் என்று அவளும் கணவனும் முடிவெடுத்தார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் நாள் கொடுத்தார்கள். கூடவே ஆஸ்பத்திரி வக்கீல் ஒன்று சொன்னார்: அதற்குள் மசோதாவில் கவர்னர் கையெழுத்துப் போட்டுவிட்டால் எங்களால் தொட முடியாது.

கையெழுத்தான நிமிஷமே சட்டம் அமலுக்கு வரும் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது யார்? மார்லிஸ்தான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. எதிர்க்கட்சிக்காரி ரொவீனா கெல்ஷ் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தாள். குழந்தை பிழைக்காது என்று இரண்டு டாக்டர்கள் உறுதி சொன்னால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. மார்லிஸ் தன் கட்சிக் கூட்டத்தில் எழுந்து, திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போடப் போகிறேன் என்றாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. காரணத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. "என் வயித்தை வச்சு நீ மேடைல பேசக் கூடாது" என்று ப்ரிட்டா கண்டிப்பாகச் சொல்லி, வாக்கும் வாங்கியிருந்தாள். மேடைப் பேச்சைப் பொறுத்தவரை தாயை நன்றாக அறிந்த மகள்.

தலை எண்ணிப் பார்த்ததில் திருத்தம் தாராளமாக ஜெயிக்கும் போலிருந்தது. அந்தத் தெம்பில் இருந்தபோதுதான் டெல்மர் டாஃப்ட்டின் போன் வந்தது. சபையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். கோதுமை விவசாயி, எண்பதை நெருங்கிய கிழவர். விவாதம் சூடு பிடிக்கும்போது குறட்டை விடுவார். மார்லிஸ்தான் முழங்கையால் இடித்து எழுப்புவாள்.

"மார்லிஸ், நெஞ்சுல குழாய் அடைச்சுக்கிச்சாம். வியாழக்கிழமை கீறப் போறாங்க."

"ஐயோ டெல்மர்! வெள்ளிக்கிழமைகூட சபை கேன்டீன்ல ரெண்டு கேரமல் ரோல் முழுங்கினீங்களே!"

"அதான் போய் அடைச்சுக்கிச்சு போல. கேளும்மா. அந்தத் திருத்தத்துக்கு நான் எதிர்னு உனக்குத் தெரியும். நீ ஆதரவு. என்னோட ஜோடி கட்டுறியா?"

அது சபையின் பழைய வழக்கம். உறுப்பினர் ஒருவர் நோயாகப் படுத்துவிட்டால், எதிர்க் கருத்துள்ள இன்னொருவர் அவரோடு ஜோடி கட்டுவார். அவரால் ஓட்டுப் போட முடியாதில்லையா, இவரும் போடாமல் உட்கார்ந்திருப்பார். விதிப் புத்தகத்தில் இல்லை, வெறும் வாய்ச்சொல். ஒருவர்கூட இதுவரை மீறியதில்லை என்று புது உறுப்பினர்களிடம் முதல் நாளே பெருமை அடிப்பார்கள். தேர்தலில் கொடுத்த சொல்லை ஓட்டுப் பெட்டி மூடியதும் மறந்துபோகிறவர்கள், இந்த ஒரு சொல்லை மட்டும் தேவ வாக்காகக் காப்பாற்றினார்கள்.

மார்லிஸின் கணவன் ஆர்வின் புற்றுநோயில் கிடந்த வசந்தத்தில், அவள் ஆஸ்பத்திரியே கதியென்று இருந்தாள். அப்போது தண்ணீர் வரி ஓட்டெடுப்பில் அவளோடு ஜோடி கட்டி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் டெல்மர். அவருடைய மாவட்டமே கொதித்தது. அடுத்த தேர்தலில் மயிரிழையில்தான் தப்பித்தார். அதை எப்படி மறப்பாள்?

"சரி டெல்மர். கட்டுறேன்" என்றாள்.

மறுநாளே சபாநாயகர் வெஸ்லி ப்ராண்ட்வால்ட் திருத்தத்தைத் தோற்கடிக்கும் வேலையைத் தொடங்கினார். தள்ளாடுகிற உறுப்பினர்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். ஒருவருக்குச் சாலை, ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்கு, "அடுத்த தேர்தல்ல உனக்கு எதிரா நம்ம ஆளே நிப்பான்" என்ற அன்பான எச்சரிக்கை. உள்ளே நிமிர்ந்து போனவர்கள் வெளியே தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். புதன்கிழமை காலையில் ரொவீனா வந்து மார்லிஸின் காதில் சொன்னாள்: "சரிக்குச் சரியா நிக்குது. நீ போட்டா ஜெயிக்கிறோம். போடலைன்னா போச்சு."

ஓட்டு சமமானால் திருத்தம் தோற்றதாகத்தான் அர்த்தம். மார்லிஸ் தாழ்வாரத்துக்கு ஓடி, ஆஸ்பத்திரியில் கிடந்த டெல்மரைக் கூப்பிட்டாள். மகளுக்குக் கொடுத்த சொல்லை அங்கேயே மீறினாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.



"ப்ரிட்டாவா? நம்ம ப்ரிட்டாவா?" கிழவர் நிஜமாகவே அழுதார். "ஞானஸ்நானத்தப்போ என் கோட்டெல்லாம் வாந்தி எடுத்தாளே, அந்தக் குழந்தைக்கா இப்படி?"

"அவளுக்குத்தான். என்னை விட்டுடுங்க டெல்மர். ஜோடியை அவுத்து விடுங்க."

"முடியாதும்மா. நாளைக்கு என் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. எழுந்திரிக்காமலே போயிட்டேன்னா ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சியோட நிப்பேன்? உனக்காக ஜெபம் பண்றேன்."

"ஜெபம் வேணாம். ஓட்டுதான் வேணும்."

"உன் கையை நான் கட்டலையே மார்லிஸ். பட்டன் உன் மேஜைலதானே இருக்கு."

நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களிடம் மாட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை. கட்டிப் போட்டுவிட்டு, கட்டவே இல்லை என்று கண்ணீரோடு சொல்வார்கள்.

பிற்பகலில் மணி அடித்தது. சுவரில் இருந்த பெரிய பலகையில் பெயர்கள் பச்சையும் சிவப்புமாக எரியத் தொடங்கின. கடைசியில் இரண்டு பெயர்கள் மட்டும் வெறுமையாக நின்றன. டாஃப்ட். ஹெக்லண்ட். மேலே எண்ணிக்கை இரண்டு பக்கமும் சமம்.

"எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சா?" என்றார் சபாநாயகர். கண் மார்லிஸ் மேல் இருந்தது.

"போடு" என்றாள் ரொவீனா, பின் வரிசையிலிருந்து தாழ்ந்த குரலில். "கிழவர் கோவிச்சுக்கட்டும். பொழைச்சு வந்து கோவிச்சுக்கட்டும், மார்லிஸ். போடு!"

திருட வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விரலால் அழுத்தினால் போதும். மார்லிஸ் பச்சைப் பட்டனைப் பார்த்தாள். அவள் கண் முன்னால் ப்ரிட்டா வரவில்லை. கேரமல் ரோல் தின்றபடி, "ஹெக்லண்டா? சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவ" என்று பேசப்போகும் வாய்கள்தான் வந்தன. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

பலகை பூட்டிக்கொண்டது. திருத்தம் தோற்றது. சற்று நேரத்தில் மசோதா முழுசாக நிறைவேறியது. வெள்ளிக்கிழமை கவர்னர் கையெழுத்துப் போடுவார் என்று அறிவித்தார்கள்.

சபாநாயகர் சுத்தியலைத் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு இந்தச் சபை ஒண்ணைப் பார்த்துச்சு. மார்லிஸ் ஹெக்லண்ட் நம்மள்ல பல பேரோட கருத்துக்கு எதிரா நின்னாங்க. ஆனா படுக்கைல கிடக்கிற சிநேகிதருக்குக் குடுத்த சொல்லைக் காப்பாத்தினாங்க. இப்படி ஒரு குணத்தை நான் பார்த்ததில்லை."

சபை எழுந்து நின்று கை தட்டியது. மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். ரொவீனா மட்டும் எழவில்லை, காகிதங்களைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். மார்லிஸுக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை. ஒரே ஒரு கணம்தான், ஆனாலும் பிடித்திருந்தது. தலையை லேசாகத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டாள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் போன் அதிர்ந்தது.

"பார்த்தேன்" என்றாள் ப்ரிட்டா. சபை நடப்பதை வீட்டுக் கம்ப்யூட்டரில் நேரலையாகப் பார்த்திருக்கிறாள். "எல்லாரும் எழுந்து நின்னாங்களே."

"கண்ணு, டெல்மர் உங்கப்பாவுக்காக அன்னிக்கு..."

"தெரியும்மா."

"நான் வர்றேன். இப்பவே கிளம்பி வர்றேன். வேற எந்த மாநிலத்துல நாள் குடுத்தாலும் சரி, நானே வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம். நாங்க போய்க்கிறோம். நீ வராதே." கத்தவில்லை. கத்தியிருந்தால் மார்லிஸும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சமாதானமாகியிருக்கும். "எனக்காக ஒரே ஒரு தடவை நீ கெட்ட பேர் வாங்கியிருக்கலாம்மா."

போன் வைக்கப்பட்டுவிட்டது. மார்லிஸ் திரும்பினாள். கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் வரிசையாக நின்றிருந்தார்கள், அவள் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டு. முதலில் நின்றவர் கையை நீட்டினார். அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள்.