இருநூற்றுப் பன்னிரண்டாவது பந்து

முதல் ஆட்டம் முடிந்தபோது என் உள்ளங்கையில் இருந்த எண்ணும் கருவி நூற்று முப்பத்தெட்டைக் காட்டியது. கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். என் தங்கை கம்சனா ஒரு பந்தை எறியும்போது நான் ஒரு தரம் அழுத்துவேன். யாரும் என்னிடம் கேட்ட வேலை இல்லை இது. நாரைகள் என்ற எங்கள் ஜெர்மன் ஊரின் பெண்கள் குழுவுக்கு ஆட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். யார் அடித்தாள், யார் ஓடினாள், யார் ஆட்டமிழந்தாள் என்பதற்கெல்லாம் தாளில் கட்டம் உண்டு. எறிந்தவளின் கை எத்தனை தரம் சுற்றியது என்பதற்கு இல்லை.

இது பேஸ்போலின் பெண்கள் வடிவம். பந்து பெரிது. கை தோளிலிருந்து ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்போரமாகக் கீழிருந்து பந்தை விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே இரண்டு குழுக்களும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆடும், நடுவில் நாற்பது நிமிட ஓய்வு. ஆண்கள் குழுவில் எறிபவன் நூறு பந்தைத் தாண்டினால் அவனை மாற்றப் பயிற்சியாளர் எழுந்து நிற்பார். எங்கள் பக்கம் எவரும் எண்ணுவதில்லை. கீழால் எறிவது உடம்புக்கு இயல்பானது, ஒன்றும் ஆகாது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்ததே போதுமாக இருக்கிறது. பெண்ணின் உடம்பு தாங்கும் என்று சொல்ல இந்த உலகத்தில் யாருக்கும் அத்தாட்சி தேவைப்பட்டதில்லை.

மைதானத்துக்குப் பின்னால் பீட் கிழங்கு வயல், அதற்கப்பால் நான்கு காற்றாலைகள். மூன்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று ஏப்ரலிலிருந்து நிற்கிறது. ஆனி மாத வெக்கை கழுத்தில் ஒட்டியது. மேற்கே வானம் ஈயத்தின் நிறத்துக்கு வந்திருந்தது.

என் மேசைக்குப் பின்னால், கம்பி வேலியோரம், மூன்று மடக்குக் கதிரைகள். அப்பா, பஸ் ஓட்டும் வின்சன்ற் மாமா, பள்ளிக்கூடம் ஒன்றைப் பராமரிக்கும் அசோகன் மாமா. கம்சனா எறியத் தொடங்கும்வரை மூவரும் இந்த ஆட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது இதைத் தவிர வேறு கதை இல்லை.

"எத்தினை பிள்ளை?" என்றார் அசோகன் மாமா.

"நூற்றி முப்பத்தெட்டு."

அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "கேட்டியே தியாகு? அமெரிக்காவில எண்டா அவளை எப்பவோ இறக்கியிருப்பாங்கள். அடுத்தது நாலு நாளைக்குப் பிறகுதான்."

"அமெரிக்காவில இறக்க ஆள் இருக்கு மச்சான்," என்றார் வின்சன்ற் மாமா. "எங்களிட்ட ஆர்? யூலியாவோ? யூலியா எறிஞ்சா அந்த வயல்காரனும் கையுறை போட்டுக்கொண்டுதான் நிக்கவேணும்."

"எறிய விட்டாத்தானே பழகுவாள். பதினொரு ஆட்டத்தில ஒன்பது வெற்றி, ஒன்பதும் கம்சி எறிஞ்சது. இதென்ன குழுவோ, ஒரு பெட்டையின்ர கையோ?"

"மேலால எறியிறவைக்குத்தான் கை போறது. இவள் கீழால எறியிறாள்," என்றார் அப்பா. "நீ சும்மா இரு அசோகன். இண்டைக்குப் போய் உதைக் கதைக்காதை."

இன்றைக்கு என்று அவர் சொன்னதற்குக் காரணம் எதிர்ப்பக்கம் பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. இளையோர் தேசியக் குழுவுக்கு ஆள் தேட வந்தவர். மடியில் கொப்பி. முதல் ஆட்டத்தில் கம்சனா மூன்று பேரை வரிசையாக வெளியேற்றியபோது இரண்டு பக்கம் எழுதினார். பெயர்ப் பட்டியல் நாளை வரும்.

ஓய்வு நேரத்தில் கம்சனா தண்ணீர்ப் போத்தலோடு போகும்போது குரல் கொடுத்தாள். "அக்கா, பையின்ர பக்கப் பொக்கற்றில டேப் இருக்கு. எடுத்து வையன்."

டேப்பைச் சுற்றி நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஜெர்மன் எழுத்தில் எது வந்தாலும் நான் படித்துத்தான் பழக்கம். விரித்தேன். எலும்பு மருத்துவரின் கடிதம், பதினொரு நாளுக்கு முந்தையது. வலது முன்கை எலும்பில் சுமையால் ஏற்பட்ட மாற்றம். எட்டுக் கிழமைக்கு எறிவது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டும். தொடர்ந்தால் முறிவு எதிர்பார்க்கத்தக்கது.

நான் ஆஹென் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தவள். இப்போது அங்கேயே ஒரு சோதனைக்கூடத்தில், இரும்புக் கம்பி உடையும்வரை அதை வளைத்துப் பார்ப்பது என் வேலை. ஒரேயடியாக உடைக்கும் விசை தேவையில்லை. அது தாங்கக்கூடிய விசையையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதும். உடைவதற்கு முந்தைய சுற்றில்கூடக் கம்பி நேற்றைப் போலவே இருக்கும். பயப்பட வைப்பது அதுதான்.

அவளைக் களஞ்சியக் கொள்கலனுக்குப் பின்னால் பிடித்தேன். கடிதத்தைக் கண்டதும் அவள் முகத்தில் பயம் வரவில்லை, அலுப்பு வந்தது.

"அப்பாவுக்கு என்ன சொன்னனி?"

"ஒரு கிழமை ஓய்வாம், பிறகு எறியலாமாம் எண்டு."

"டொக்டருக்கு முன்னாலயோ?"

"அவருக்குத் தமிழ் தெரியுமே? நீயும் இப்பிடித்தானே செய்தனி."

அடித்திருந்தால் குறைவாக நொந்திருக்கும். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அப்பாவின் தோளைப் பார்த்த மருத்துவர் எட்டுக் கிழமை வேலைக்குப் போகக் கூடாது என்றார். அப்பாவுக்கு அதைத் தமிழில் அப்படியே சொன்னேன். வெளியே வந்ததும் அப்பா, அம்மாவிடம் இரண்டு நாள் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்பா மூன்றாம் நாள் சரக்குக் கிடங்கு வேலைக்குப் போனார். அந்தக் கை இன்றுவரை தோளுக்கு மேல் எழும்பாது. எங்கள் வீட்டில் இது பகிடிக் கதை. கொண்டாட்டங்களில் சொல்லிச் சிரிப்போம். கம்சனா அதைக் கேட்டே வளர்ந்தவள்.

"கோச்சிட்டச் சொல்லப்போறன்."

"சொல்லு." டேப்பை என் கையிலிருந்து பிடுங்கினாள். "நீ வெளிக்கிட்டுப் போய்ப் படிச்சனி. எனக்குப் படிப்பு ஓடாது, உனக்குத் தெரியும். எனக்கு உள்ளது இது. இண்டைக்கு ஒரு நாள், அக்கா. பிறகு எட்டுக் கிழமை இல்லை, எட்டு மாசமும் படுத்திருக்கிறன்." பல்லால் டேப்பைக் கிழித்தாள். இடது கையாலேயே சுற்றினாள். வலது கையின் விரல்கள் தாமாகவே விரிந்து விரிந்து மூடின.

நான் வேலிக்குப் போனேன். கடிதத்தை அப்பாவின் மடியில் வைத்தேன். மாமாமார் இருவரும் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார்கள். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"அவள் சொன்னதோ?"

"டொக்டர் சொன்னது. முப்பத்தைஞ்சு வருசம் இந்த நாட்டில இருக்கிறன். ப்ருஹ் எண்டா முறிவு எண்டு எனக்குத் தெரியாதோ? அவள் தமிழில வேற ஒண்டைச் சொல்லிப்போட்டு என்ர கண்ணைப் பார்த்தவள். நான் ஓமெண்டன்."

"ஏனப்பா?"

மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நான் எட்டுக் கிழமை வீட்டில நிண்டிருந்தா அந்த வேலை இருந்திராது. நீ ஆஹெனுக்குப் போயிருக்கவும் மாட்டாய்."

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். ஆணி அடிக்க அப்பாவின் கை எழும்பாததால் வின்சன்ற் மாமாவைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நானும் கேக் சாப்பிட்டேன்.

"எனக்காக எண்டு சொல்லாதேங்கோ," என்றேன். "நான் கேட்கேல்லை."

"இவள் கேட்டவள்," என்றார் அப்பா.

கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பயிற்சியாளர் பீர்கிட் மேசையருகே நின்று அடுத்த ஆட்டத்தின் எறிபவர் பெயரைச் சொன்னார். கம்சனா. எறிபவர் கட்டத்தில் எழுதினேன். வாயைத் திறந்திருக்கலாம். எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்லவேண்டும்.

இரண்டாவது ஆட்டத்தின் முதல் சுற்றில் எதுவும் தெரியவில்லை. பந்து அதே கோட்டில் போனது. பச்சைத் தொப்பி எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றாம் சுற்றில் பந்து உயரத் தொடங்கியது. ஒருத்தி பலமாக அடித்து இரண்டு பேரை ஓட வைத்தாள். வேலிக்குப் பின்னால் வாக்குவாதம் மறுபடி தொடங்கியது.

"யூலியாவை விடச் சொல்லு."

"இப்ப விட்டா ஆட்டம் போச்சு."

"ஆட்டம் போனாப் போகுது, அவளின்ர முகம் வெளிறினதைப் பார் மச்சான்."

அப்பாவின் குரல் அதில் இல்லை.

நான்காம் சுற்று. அழுத்தினேன், அழுத்தினேன். காற்று விழுந்துவிட்டது. மழைக்கு முன் வரும் அந்த அசையாத நேரம். வயலில் ஒரு இலை ஆடவில்லை. எழுபத்துமூன்றாவது பந்தை விட்டதும் கம்சனா இடது கையால் முன்கையைப் பிடித்தாள். ஒரு கணம்தான். பிறகு சட்டைக் கையைச் சரிசெய்வதுபோல இழுத்துவிட்டாள். பச்சைத் தொப்பி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நடுவர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். என் பின்னால் ஒரு கதிரை நிலத்தில் உரசியது, ஆகவே அப்பாவும் பார்த்தார்.

முதல் ஆட்டத்தின் நூற்று முப்பத்தெட்டோடு கூட்டினால் இருநூற்றுப் பதினொன்று.

கருவியை மேசையில் வைத்தேன். குறிப்பு எழுதுகிறவர் ஆட்டத்தின் நடுவே களத்துக்குள் வரக்கூடாது. களத்துப் பக்க வேலிக் கதவின் கொளுக்கியை எடுத்தேன்.

"பிள்ளை," என்றார் அப்பா. நில் என்றாரா, போ என்றாரா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவுமில்லை.

வெள்ளைக் கோட்டைத் தாண்டினேன். கையில் கடிதம். பீர்கிட் எனது பெயரைச் சொல்லிக் கத்தினார். நடுவர் என்னைக் கண்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார். அடிக்க நின்றவள் மட்டையைத் தாழ்த்திவிட்டுப் பின்வாங்கினாள். கதிரைகளில் பேச்சு நின்றது. வயலுக்கு அப்பால் மூன்று காற்றாலைகளும் ஓய்ந்து, நான்காவதோடு சேர்ந்து நின்றன. கம்சனா எங்களில் யாரையும் பார்க்கவில்லை. அவள் முன்னால் சாய்ந்து அடியெடுத்து வைத்துவிட்டாள். அந்த வெளி முழுவதிலும் அவள் கை மட்டும் தலைக்கு மேலே எழும்பிச் சுற்றத் தொடங்கியிருந்தது.